மறுகா

கச்சேரியின் பழைய பேரேட்டில்
என் பூட்டனுக்கு ஒரே ஒரு வரி:
‘மண்முனைத் துறை. வீரக்குட்டி.
அந்தியின் பின் தோணி விட்ட குற்றம்.
அபராதம் ஐந்து ரூபாய். கட்டப்பட்டது.’

கறையான் தின்றது போக மிஞ்சிய தாள்.
தேடித் தந்த எழுதுவினைஞர் சொன்னார்,
அந்த நாளில் ஐந்து ரூபாய்க்கு
ஒரு கன்றுத்தாச்சிப் பசு வாங்கலாமாம்.
அவருக்கும் அது கேள்விதான்.

ஆக, ஒரு பசுவைக் கொடுத்து
அவர் யாரை அக்கரை சேர்த்தார்?

நாவலின் ஏழாம் அத்தியாயம்
அந்தத் துறையிலேயே நின்றுவிட்டது.
பெரிய மாமா: சாராயம், வேறென்ன.
வந்தாறுமூலைச் சித்தப்பா: அம்மை கண்ட பிள்ளை,
பரியாரியிடம் கொண்டுபோனவர்.
அம்மா: எழுதாத மனே.
தம்பிக்குப் பேச்சுக்கால் நடக்குது.

சாராயப் பீப்பாயை ஏற்றிப் பார்த்தேன்.
தோணி தாழ்ந்தது. கதை மிதக்கவில்லை.
பிள்ளையை ஏற்றினேன், அழுதேன், அழித்தேன்.
மீன் பாடுகிறது என்று ஒரு வரி எழுதி
உடனே அடித்தேன்.
அந்த ஓர் இரவு அதற்கு விடுமுறை.

மூன்றாம் மாதம்,
கரண்ட் போன ஒரு பின்னேரம்,
ஒரு பெண்ணை ஏற்றினேன்.
பெயர் கனகாத்தை.
எழுவான்கரையில் ஏறிப்
படுவான்கரையில் இறங்க வேண்டியவள்.
மடியில் மூட்டை. என்ன மூட்டை என்று
நானும் கேட்கவில்லை, வீரக்குட்டியும் கேட்கவில்லை.

கூலி கேட்டாரா என்பதுதான்
ஒரு கிழமை என்னைத் தூங்கவிடவில்லை.
நல்லவராக்க ஆசை. என் இரத்தமல்லவா.
ஆனாலும் தோணிக்காரன்.
கடைசியில் கேட்டார். அவள் கொடுத்தாள்.
அவர் எண்ணிப் பார்த்தார்,
இருட்டில், விரலால்.
அந்த விரல்களை எழுதியபோதுதான்
அவர் எனக்குச் சொந்தக்காரர் ஆனார்.

இங்கே குடி தாயோடு போகிறது.
வீடும் வளவும் பெண்ணுக்கு.
கதை மட்டும் எப்படியோ
ஆண்பிள்ளைகளுக்குச் சீதனமாய்ப் போயிருக்கிறது:
எவர் காடு வெட்டி வட்டையாக்கினார்,
எவர் தீப்பந்தத்தோடு யானை துரத்தினார்,
கோயிலில் எவருக்கு முதல் மரியாதை.
பேரேட்டிலும் அப்படித்தான்.
தோணி விட்டவருக்கு ஒரு வரி.
தோணியில் இருந்தவள்
குற்றத்தின் பாரம் மட்டும்.

அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்தேன்.
குசினி வாசலில் கூனி புடைத்துக்கொண்டிருந்தாள்.
ஒவ்வொரு பந்தி முடியவும் ‘மறுகா?’ என்றாள்.
கண்ணாப் பற்றை தெரிந்தது. மறுகா?
கரையில் நாய் குரைத்தது. மறுகா?
இறங்கினாள்.
மறுகா?
அவ்வளவுதானம்மா என்றேன்.
சுளகை இரண்டு தட்டுத் தட்டினாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

தம்பியின் கலியாணத்துக்கு முதல் நாள்
பலகாரம் சுட வந்த பெண்களுக்கு
அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்
என் கனகாத்தையை,
நான் வைத்த பெயரோடு, என் இருட்டோடு:

‘எங்கட ஆக்கள்தான் கா.
நடு ஆத்தில வெளக்கை அணைச்சவ.
ஊதல்ல. ஊதினா திரி மணக்கும்,
காத்து கரைக்குக் கொண்டுபோகும் எண்டு
கம்பில ஒட்டி வந்த சேத்தை வழிச்சு
அதால அமத்தினவ.’

நான் அதை எழுதவில்லை.
என் தோணியில் விளக்கே இல்லை.

எண்ணெய்ச் சட்டிக்கு மேலால் அம்மாவைப் பார்த்தேன்.
இப்போதுதான் இட்டுக்கட்டினாளா,
இவ்வளவு காலமும் வைத்திருந்தாளா?
அவள் முறுக்கைத் திருப்பிப் போட்டாள்.

அறைக்கு ஓடிக் கொப்பியைத் திறந்து
அணியத்தில் ஒரு விளக்கை ஏற்றினேன்,
அவள் அணைப்பதற்கென்று.
தாளெல்லாம் அரிசிமா.
பிறகு திரும்பி வந்து
புகைக்குள் நின்று கேட்டேன்:

‘மறுகா?’