மூச்சுத்துளை

என் வேலை கரடி பார்ப்பது.
தோளில் துப்பாக்கி, இடுப்பில் வெடிக்குழல்,
முதுகை அவர்களுக்கும்
முகத்தை வெள்ளைக்கும் காட்டியபடி நிற்க வேண்டும்.
திரும்பிப் பார்ப்பதற்குச் சம்பளம் கிடையாது.

அவர்கள் ஏழு பேர்.
கலிபோர்னியாவிலிருந்து பதினாறு பெட்டிகளில் வந்தது
இரண்டு சக்கரமும் ஒரு கண்ணும் கொண்ட அந்த இயந்திரம்.
ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில்
தலைகீழாக ஊருமாம்.
உத்தரத்துப் பல்லிபோல என்றாள் ரெனாட்டா.
நான் பல்லி பார்த்ததில்லை.

உட்கியாக்விக்கில் சூரியன் போய்ப் பதினோரு நாள்.
இனி ஜனவரி கடைசியில்தான்.
துளை போடும் இடத்தை மூன்று முறை மாற்றவைத்தேன்.
கருவியைப் பார்த்து அவர்கள் சொன்ன தடிமனை
என் பூட்ஸ் நம்பவில்லை.

காப்பி நேரத்தில் கேட்டேன்,
கடைசியில் இதை எங்கே அனுப்பப் போகிறீர்கள்?
ஒண்ட்ரே வாய் நிறைய ரொட்டியோடு
தெற்கே கையுறையை நீட்டினான்.
அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே
திமிங்கல எண்ணெயில் ஒரு சொட்டு சிந்தியதுபோல
இமைக்காத மஞ்சள்.
சனி.

சனிக்கல்ல, அதன் நிலவு ஒன்றுக்கு.
என்செலடஸ்.
குறுக்கே ஐந்நூறு கிலோமீட்டர்.
ஃபேர்பேங்க்ஸுக்கு விமானம் போகும் தூரம்கூட இல்லை!
மேலே பனி ஓடு, உள்ளே கடல்,
தென்முனையில் நான்கு நீண்ட வெடிப்பு.
அவற்றின் வழியே கடல் வெளியே பீறிட்டு
தூளாய் உறைந்து
சனியைச் சுற்றி ஒரு வளையமாகவே கிடக்கிறதாம்.

ஓடு எத்தனை தடிமன்?
இருபது கிலோமீட்டர் இருக்கலாம்,
தென்முனையில் ஐந்தாகவும் இருக்கலாம் என்றான்.
இருக்கலாம் என்ற சொல்லோடு
எங்கள் ஊரில் யாரும் பனிமேல் கால் வைப்பதில்லை.
சொல்லவில்லை. ரொட்டியில் பாதி கொடுத்திருந்தான்.

போன மார்ச்சில் கடற்பனிமேல்
ஓர் அக்லுவின் முன் நான்கு மணி நேரம் நின்றேன்.
கடல்நாய் மூச்சுவிட வரும் துளை அது.
துளைமேல் ஒரு மெல்லிய இறகு வைத்திருந்தேன்.
இறகு அசைந்தால் கீழே ஆள் உண்டு.
அசையவில்லை.
அதற்குப் பல துளைகள். எனக்கு இரண்டே கால்கள்.
விரல் மரத்து வீடு திரும்பினேன்.

ஆகவே கேட்டேன்:
நான்கு வெடிப்பிலும் ஆவி வருகிறதே,
மூச்சுவிடுவது யார்?
யாரும் இருக்க வேண்டியதில்லை ஃப்ளோசி, என்றான்.
சனி இழுக்கிறது, நிலவு பிசையப்படுகிறது,
பிசைந்த சூட்டில் நீர் உருகுகிறது. அவ்வளவுதான்.
சொல்லிவிட்டு,
அவ்வளவுதானா என்று பார்க்கத்தான்
இத்தனை பெட்டி, என்றான்.

இரண்டாம் நாள் இயந்திரம் இறங்கியது.
கேபிள் மட்டும் மெல்ல மெல்ல உள்ளே போவது
முதுகால் கேட்டேன்.
யாரோ எண்களைப் படித்தார்கள்.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
பிறகு ஏழு மூச்சும் ஒன்றாக நின்றன.

திரையில் என்னவோ வந்திருக்கிறது.
கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.
அப்போது பார்த்து
இருநூறு அடியில், வெள்ளைக்குள்
சற்றே மஞ்சளான ஒரு வெள்ளை
நகர்ந்ததா, நகரவில்லையா.
காற்று எங்கள் பக்கமிருந்து அதன் பக்கம்.
வெடிக்குழலை எடுத்தேன். காத்திருந்தேன்.
பின்னால் ரெனாட்டா அழுவதுபோலச் சிரித்தாள்.

மீன், என்றார்கள் பிறகு.
விரல் நீளம்தான்.
விளக்குக்கு நேரே வந்து
கண்ணோடு கண் வைத்துப் பார்த்துவிட்டுப் போனதாம்.
எனக்கும் போட்டுக் காட்டினார்கள், நான்கு தரம்.
மீன் நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளைக்குள் நின்றதை
அவர்களிடம் சொல்லவில்லை.
வெடிக்கு அவசியம் வரவில்லை, அதுவாகவே போய்விட்டது.
மறுநாள் தடம் பார்த்தேன்:
நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறது,
துளையைப் பார்த்து.

அவர்கள் போய்விட்டார்கள்.
ஏரி ஓர் இரவில் மூடிக்கொண்டது.
மஞ்சள் சொட்டு இன்னும் தெற்கே தாழ்வாக.
அதன் வெளிச்சம் இங்கே வர
ஒரு மணி நேரத்துக்கும் மேலாகுமாம்;
அங்கே இறகு அசைந்தால்
இங்கே அவ்வளவு தாமதமாகத்தான் தெரியும்.

ஒன்றுதான் கேட்க மறந்தேன், ஒண்ட்ரே.
அங்கே எல்லாக் கண்ணும் துளைக்குள் இருக்கும்போது
வெள்ளையைப் பார்த்து நிற்க
யாரை வைப்பீர்கள்?