ஆறுக்கு அப்புறம் எட்டு

தாபாதலிப் பாலம் தாண்டி
குபண்டோல் ஏற்றத்தில் டெம்போ நின்றது.
பிரேக் பிடித்து நிற்பது வேறு.
இது, பேசிக்கொண்டே வந்தவர்
சொல்ல வந்ததை மறந்து நிற்பதுபோல.

பின்னால் பதினொரு பேர்.
ஒருத்தி மடியில் காலிஃபிளவர் மூட்டை,
ஒருவன் கையில் எக்ஸ்ரே உறை.
"மச்சிந்திரநாதர் தேரும் இப்படித்தான் நிற்கும், தீதி,
ஆனால் அதுக்கு வடம் இருக்கு"
என்றான் வங்கிக் காவலாளி.
நல்ல மழை வேறு.

முதலாளியைக் கூப்பிட்டால் தவணை பேசுவார்.
ஆசாகாஜிக்கு அடித்தேன்.
சார்ஜிங் கொட்டகையில்
அமில வாசனைக்குப் பக்கத்தில் தூங்குகிற ஆள்.
"எல்லாரையும் எழுப்பு நிர்மாயா,
சீட்டைத் தூக்கு, மீட்டர் வை,
ஒவ்வொன்றாய்ச் சொல்."

ஐந்து புள்ளி ஒன்பது.
ஐந்து புள்ளி ஒன்பது.
ஆறு.
குடைக்குள்ளிருந்து பதினொரு முகமும் கேட்டது.
ஏழாவதில்
மூன்றைக்கூட எட்டவில்லை.

பன்னிரண்டு பேட்டரி, ஆளுக்கு ஆறு வோல்ட்,
கோத்தால் எழுபத்திரண்டு.
இதுவரைக்கும் யாரும் சொல்லித்தருவார்கள்.
கோத்தால் வோல்ட் கூடும், ஆம்பியர்-மணி கூடாது
என்பதை வண்டிதான் சொன்னது,
வழியில் என்னை இறக்கிவிட்டு.
பன்னிரண்டு பேர் வரிசையாய் நின்று
குடம் கை மாற்றுகிறார்கள்.
வரிசை நீண்டால் மேடு ஏறலாம்;
குடம் பெரிதாகிவிடாது.
ஒரு கை நடுங்கினால்
சிந்துவது எல்லோருடைய தண்ணீர்.

அப்படியானால் பக்க இணைப்பு போடலாமே
என்று ஒரு முறை கேட்டேன்.
ஆசாகாஜி சிரித்தார்:
தொடரில் நோஞ்சான் வழியை மறிப்பான்,
பக்கத்தில் உட்காரவைத்தால்
அடுத்தவன் தட்டில் கை வைப்பான்.

"ஏழை ஒதுக்கு" என்றது போன்.
"ஆறிலிருந்து எட்டுக்கு நேரே கம்பி."

மெயினை அணைத்தேன்.
பித்தளை வளையலைக் கழற்றிப் பையில் போட்டேன்.
சைக்கிள் டியூப் சுற்றிய ஸ்பேனர்,
உப்புப் பூத்த முனை, பச்சையாய்,
பிடிவாதமாய்.
எக்ஸ்ரே பையன் டார்ச் பிடித்தான்.
அவன் நெஞ்சுக்கூடு இருந்த உறை
என் முதுகுக்கு மழை மறைத்தது.

சுவிட்சைப் போட்டேன். அறுபத்தாறு.
ஒரு முனகல், பிறகு நகர்வு.
காய்கறிக்காரி ஏழாவதின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.
"வேலை செய்யாததுக்கும் சீட்டா?"
முப்பது கிலோ, இறக்க ஆளில்லை, அம்மா.
சும்மா வரட்டும்.
ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது,
மரியாதைக்கு மணியடித்து.

ராத்திரி முதலாளி
புத்தம்புதுசாய் ஒன்று வாங்கி வந்தார்,
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், பெருமையாய்.
ஆசாகாஜி அதைத் தொடவேயில்லை.
"பதினொரு பழசுக்கு நடுவே இதைப் போட்டால்
இது அவங்களைத் தூக்காது,
அவங்க வயசுக்கு இது இறங்கும்."
அலமாரியில் துழாவினார்.
தேதி பார்த்தார், மீட்டர் பார்த்தார்,
அதே மாதம் வந்து
அதே அளவு களைத்த ஒன்றை எடுத்தார்.

காலையில் அதே ஏற்றம்.
மீட்டர் எழுபதுக்கும் எழுபத்தொன்றுக்கும் நடுவே
ஆடிக்கொண்டு நின்றது.
முழு எழுபத்திரண்டை
நான் கேட்கவில்லை.
லகன்கேல் வரை மூன்று நடை,
அப்புறம் மதியச் சாப்பாடு,
எனக்கும் அதுக்கும்.