பதினொரு விழுக்காடு

இழுவிசைமானி பொய் சொல்கிறது என்றுதான்
முதலில் குறிப்பேட்டில் எழுதினேன்.
ஃபாரோ தீவு, நான்காம் எண் வலைக்கூண்டு,
மழை.

வலைக்கண்ணின் அகலம், நூலின் தடிமன்,
நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர்,
எல்லாம் போட்டாயிற்று.
நங்கூரக் கயிறு மட்டும் கணக்கை மதிக்காமல்
பதினொரு விழுக்காடு கூடுதலாய் விறைத்து நிற்கிறது.

மானியை மாற்றினோம்.
பாசி படிந்திருக்குமென்று வலையைக் கழுவினோம்.
தொலைந்துபோன ஒரு கழித்தல் குறியைத் தேடி
ஒரு வாரம் நான் தூங்கவில்லை.

தீவனப் படகின் பைனிர்
சிகரெட்டை மழைக்கோட்டுக்குள் பொத்திக்கொண்டு கேட்டான்:
"ரன்வா, உன் கூண்டுக்குள் மீன் இருக்கிறதா?"

இல்லை.
பன்னிரண்டு பக்கச் சமன்பாட்டில்
ஒரு செதில்கூட இல்லை.

ஓதம் திரும்பும் நேரம் காமிராவை இறக்கினேன்.
வட்டமடித்துக்கொண்டிருந்த சால்மன்கள்
ஒவ்வொன்றாக வட்டத்தை விட்டன.
நீர் வேகமெடுக்க எடுக்க
ஐம்பதாயிரம் முகங்களும் ஒரே பக்கம் திரும்பி
நின்ற இடத்தில் நிற்பதற்காகவே நீந்தின.
முடியாதவை மெல்லப் பின்னே நழுவி
வால் வலையில் பட,
அப்படியே சாய்ந்துகொண்டன.

அந்தச் சாய்வைத்தான்
கயிறு இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது.

புது உறுப்புக்கு ஓர் எழுத்து வேண்டும்.
கிரேக்க எழுத்துகள் ஏறக்குறைய தீர்ந்துவிட்டன.
இப்போதைக்கு 'களைப்பு' என்று எழுதியிருக்கிறேன்.
இதழின் மதிப்பீட்டாளர் சிவப்பில் அடிப்பார்,
அடிக்கட்டும்.

பிழை இப்போது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே.
பைனிரிடம் இன்னும் சொல்லவில்லை.
அவன் இன்னொரு கேள்வி கேட்டுவிடுவான்.