பதினொரு செக்கன்

மடத்தடிச் சந்தியில் மாடி வகுப்பு. கீழே டயர்க் கடை.
காற்றடிக்கிற சத்தத்துக்குள்
கொரிய மொழி படிக்கிறோம் பதினெட்டுப் பேர்.
அப்பாவுக்கு அங்கேயும் அப்பாதான் என்று
மாஸ்டர் முதல்நாள் சொன்னதில்
எல்லோருக்கும் தைரியம் வந்தது.
அதற்குப் பிறகு அவ்வளவு லேசாக ஒன்றும் வரவில்லை.

முடிச்சுப் போடுகிற பரீட்சைக்குப் பயமில்லை.
திருக்கடலூரில் பிறந்தவன், கயிறு கைக்குத் தெரியும்.
நாக்குத்தான் வளையாது.
எங்களிடம் ல இருக்கிறது, ள இருக்கிறது, ழ இருக்கிறது,
ர வேறு, ற வேறு.
அவர்களிடம் அத்தனைக்கும் சேர்த்து ஒரே எழுத்து.
அந்த ஒன்று எனக்கு வரவில்லை.

அப்படித்தான் அவளிடம் போய்ச் சேர்ந்தேன்.
தாய்லாந்துக்காரி. மீக்கோங் கரையில்
ஒரு பஸ் கண்டக்டரின் மகள்.
பதின்மூன்று வயதில் சியோலுக்குப் போனவள்.
பயிற்சிக் காலத்து வீடியோ ஒன்று:
பேனையைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு
அதே எழுத்தைச் சொல்லிப் பழகுகிறாள்.
எச்சில் வழிகிறது. யாரோ சிரிக்கிறார்கள்.
அவளும் சிரிக்கிறாள்,
பேனை விழாமல்.
எத்தனை தரம் பார்த்தேன் என்று
எனக்கு ரீலோட் போடும் கடைக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் வைத்த பேர் கன்னிகா.
நம்பினால் நம்புங்கள், அங்கேயும் அந்தப் பேர் உண்டு.
கம்பனி முன்பாதியை வெட்டி
நிக்கா ஆக்கியது.
"நிக்காஹ்வா? மஹர் எவ்வளவாம்?" என்று
கிண்ணியா முஸம்மில் ஒரு மாதம் விடவில்லை.

ஐந்து பெண்கள் பாடும் மூன்றே கால் நிமிசப் பாட்டில்
அவளுக்குப் பதினொரு செக்கன்.
நானே அளந்தேன்.
நடுவில் நின்று, காலடியில் தணல் கிடப்பதுபோல் ஆடுவாள்.
வரி தொடங்கும்போது கமரா
வேறொருத்தியிடம் போய்விடும்.
பாங்கொக் மைதானத்தில் மட்டும் ஒரு இரவு
நாற்பதாயிரம் பேர் முழுப்பேரையும் கூப்பிட்டார்கள்.
மற்ற நாலு பேரும்
யாரது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழு வருச ஒப்பந்தம்.
போன வெள்ளிக்கிழமை முடிந்தது.
கம்பனி மூன்று வரியில் நன்றி சொன்னது.

அன்று இரவு டச்சுக்குடாக் கட்டில் குந்தியிருந்தேன்.
பின்னால் குப்பைக்குள் இரண்டு மான்கள்
சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச்சீற்றை இழுத்து இழுத்துத் தின்றன.
அவள் நேரலையில் வந்தாள்.
பூச்சு இல்லை. மூடிய சூட்கேஸ் ஒன்றின் மேல் இருந்து
உரலில் பப்பாசிக்காய் இடித்தபடி பேசினாள்.
கொரியன் இல்லை.
பாங்கொக் பாசையும் இல்லையாம்,
ஊர்ப் பேச்சாம், கீழே ஒருவன் எழுதினான்,
அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் பிழையாக.
நாற்பது நிமிசம்.
யாரும் கமராவைத் திருப்பவில்லை.
எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.
ல நிறைய வந்தது.

டேட்டா தீர்ந்தபோது
உலக்கை மேலே தூக்கியபடி நின்றுபோனாள்.
மானும் போய்விட்டது.
நேவிப் பக்கம் ஒரு வெளிச்சம் கடலைத் தடவித் தடவிப் போனது.

திங்கட்கிழமை விண்ணப்பம் நிரப்பினோம்.
என்னுடையது நாலு வருசமும் பத்து மாதமும்.
அகிலேந்திரன் என்று
பெட்டி பெட்டியாக எழுதினேன்.
இவ்வளவு நீளத்துக்கு அங்கே போட்டில்
ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்றார் மாஸ்டர்.
"நடுவில் கில் இருக்கு பார். கில் எண்டால் அவங்களுக்கு வழி.
நல்ல பேர், அதையே சொல்லு."
முஸம்மில் கைதட்டினான்.

நான் பேனையைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு
முழுப்பேரையும் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றாம் எழுத்தில் எச்சில் வழிந்தது.