ஐந்தொகை

மார்ச் முப்பத்தொன்று, இரவு ஒன்பது.
பள்ளத்தூர் அரசு ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில்
கணக்கு முடிக்கிறேன்.

மீதிப் பணம் திரும்பிப் போகக் கூடாதாம்.
போனால் அடுத்த வருஷம் குறைத்துவிடுவார்களாம்.
ஆகவே மத்தியானம் லாரியில் வந்து இறங்கின
பன்னிரண்டு சக்கர நாற்காலிகள்.
பழைய ஒன்பதும்
பாலித்தீன் கிழியாமல் மாடிப்படிக்கு அடியில்
ஒன்றின் மடியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

போன வருஷம் இதே ராத்திரி
ஸ்கேன் மெஷின்.
ஓட்ட ஆள் போடவில்லை.
சூடு ஆகாதென்று ஏ.சி. மட்டும் ஓடுகிறது.
பிரசவ வார்டு விசிறி தை மாசத்திலிருந்து நிற்கிறது.
வாட்ச்மேன் மெய்யழகு
மெஷினுக்குப் பக்கத்தில்தான் சோறு தின்கிறான்,
"மகராசிக்கு மாமியார் வீடு மாதிரியா இருக்கு?
ஊட்டில்ல!"

சாயங்காலம் கொத்தனார் சேவுகன் வந்தான்.
ஆத்தங்குடிக் கல் அடுக்கு சரிந்த பாதம்.
பஞ்சு இல்லை. கட்டுத்துணி இல்லை.
"வெளியே வாங்கிட்டு வாப்பா"
நான்தான் சொன்னேன்.

நொண்டிக்கொண்டே போனான்.
நொண்டிக்கொண்டே வந்தான்.
எண்பத்தாறு ரூபாய் பில்லை மேஜையில் வைத்து,
"இதை எதுலண்ணே எழுதுவீக?" என்றான்.

இருபத்தொரு நாற்காலி.
ஒன்றில் அவனை உட்காரவைக்க
எனக்குத் தோன்றவில்லை.
அவனுக்கும் தோன்றவில்லை.

ரங்கூன் கடைக் கணக்கிலும்
காலணா பிசகாத ஊர்ப்பக்கம் இது.
என்னுடையதும் பிசகவில்லை.
பற்றும் வரவும் நேர்.
கையெழுத்துப் போட்டு,
பேரேட்டை மூடப் பார்க்கிறேன்.

உள்ளே அந்த பில்
சொருகியபடி இருக்கிறது,
மூட விடாமல் இல்லை,
மெல்லிய காகிதம்தான்.