இரண்டாம் தட்டு

அப்புத்தளையில் ரயிலை விட்டு இறங்கி
சூட்கேஸின் ஒரு சக்கரம் கழன்ற பிறகுதான்
வீடு மேட்டில் என்று சொன்னார்கள்.

நாலு அறை, ஒரு குசினி, ஒரு கீசர்.
வீட்டுக்காரர் ரத்னபால சாவியைத் தந்து
ஒற்றை விரலைத் தூக்கினார்:
கீசரும் ரைஸ் குக்கரும் ஒரே நேரத்தில் கூடாது,
மொத்த வீடும் இருட்டாகும்.
அது சட்டம். மற்றதெல்லாம்
உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜில் எனக்கு இரண்டாம் தட்டு.
போன மாதம் போனவர் யாரோ விட்ட
பாதி எலுமிச்சை அங்கேயே காய்ந்திருந்தது.
எடுத்து எறிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கீழ்த்தட்டு இரோஷாவுடையது. வங்கியில் வேலை.
மேலே தர்சிகா, பருத்தித்துறைக்காரி,
தயிர்ச் சட்டியில் மார்க்கரால் கோடு போட்டு வைப்பாள்
நேற்று எந்த மட்டத்தில் இருந்தது என்று.
கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில்
யோகமலரின் இன்சுலின்.
அதை மட்டும் யாரும் நகர்த்துவதில்லை.

நான் கோயம்புத்தூர். தேயிலைத் தொழிற்சாலைகளில்
நிறம் பிரிக்கும் எந்திரத்தைப் பழுது பார்ப்பவள்.
கேமரா பார்க்கும். கறுத்த இலையைப் போகவிடும்.
சிவந்த காம்பு வந்தால்
காற்றால் ஒரு தட்டு,
வேறு குழாயில் விழும்.

முதல் ஞாயிறு என் முறை. சாம்பார் வைத்தேன்.
மூவரும் மரியாதையாகச் சாப்பிட்டார்கள்.
பிறகு இரோஷா எழுந்துபோய்
கட்டச் சம்பல் போத்தலைக் கொண்டுவந்து
என்னைப் பார்க்காமல் நடுவில் வைத்தாள்.
நானும் போட்டுக்கொண்டேன்.

பாஷைக்குச் சிக்கலில்லை என்று
அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தேன்.
'கதைப்பமா' என்கிறாள் தர்சிகா,
நான் கதைக்காகக் காத்திருக்கிறேன்.
யோகமலர் பேசும்போது மட்டும்
பாதி வாக்கியத்தை நானே முடித்துவிடுவேன்.
முடித்தால் அவளுக்குக் கோபம் வரும்.

மழை பிடித்த ஒரு நாள்
கிராம சேவகர் படிவம் கொண்டுவந்தார்,
இந்த வீட்டில் யார் யார் என்று.
பழைய அச்சு, மூலையில் எண்ணெய்க் கறை.
நாலு பேருக்கும் ஒரே பேனா.

இனம் என்ற இடத்தில் கட்டங்கள்.
இரோஷா போட்டாள். தர்சிகா போட்டாள்.
ஹல்துமுல்லையில் பிறந்து
பதுளையில் தாதியாக இருப்பவள்,
கடலையே மூன்று முறைதான் பார்த்த யோகமலர்,
'இந்தியத் தமிழர்' கட்டத்தில்
பழகிய கையால் கோடிழுத்தாள்.

பேனா என்னிடம் வந்தது.
நானும் அதன்மேல் வைத்துவிட்டேன்.

'மிஸ்ஸுக்கு அது இல்லை,' என்றார் அவர், இருமிக்கொண்டு.
'மிஸ்ஸுக்குக் கடைசி. வெளிநாட்டவர்.'

யாரோ சிரித்தார்கள். நான்தான் போல.
யோகமலர் சிரிக்கவில்லை.
'மாத்திக்குவமா?' என்றாள்.

என் விசா பதினொரு மாதம்.
அவளுடைய அப்பாவுக்குக் குடியுரிமைக் கடதாசி வந்தபோது
அவருக்கு வயது நாற்பத்தொன்று.
இதை அவள் சொன்னது பின்னொரு நாள்,
கீசருக்கு வரிசையில் நிற்கையில்,
துவாயைத் தோளில் மாற்றிக்கொண்டே.

அன்று ராத்திரி குக்கரைப் போட்டது நான்தான்.
உள்ளே யோகமலர் குளிப்பதை மறந்துபோனேன்.
வீடு அணைந்தது.
நடைவழியில் மூன்று 'நானில்லை',
அதில் ஒன்று சிங்களத்தில், ஒன்று பொய்.
நாற்காலி போட்டு ஏறி சுவிட்சைத் தள்ளினேன்,
நிற்கவில்லை. எந்திரம் பழுது பார்ப்பவளாம்.

பிரிட்ஜைத் திறக்காதையுங்கோ, குளிர் போயிடும்,
என்றாள் தர்சிகா, கதவில் முதுகைச் சாய்த்தபடி.
இரோஷா மெழுகுதிரி கொண்டுவந்தாள்.
'ஜன்னல்ல வச்சாலே போதும்,' என்றாள் யோகமலர்,
தலையில் ஷாம்பூ நுரையோடு, நடுங்கிக்கொண்டு.
யாரும் எழவில்லை.

ஒரு பெட்டிக் குளிருக்குக் காவலாக
நாலு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம்.
வெளியே அப்புத்தளை முழுக்க
அது சும்மா கிடந்தது.