அரை விநாடி

விசுவமடுச் சந்தியில் என் கடை.
உடைந்த திரை மாற்றலாம், பற்றறி உண்டு, ரீலோட் உண்டு.
இன்று காலை ஒரு பொடியன் போனை நீட்டி
"அக்கா, மப் பிழையாக் காட்டுது" என்றான்.
பரந்தன் வீதியில் நிற்கிறவனைக் கொண்டுபோய்
இரணைமடுக் குளத்தின் நடுவில் வைத்திருந்தது நீலப் புள்ளி.
மிதக்கிறேன் என்று சிரித்தான்.

எங்கோ தூரத்து யுத்தமொன்றில்
இதை வேண்டுமென்றே செய்கிறார்களாம், வாசித்தேன்.
செய்மதியின் குரலை அமத்திவிட்டு
அதே குரலில் பொய் சொல்லுகிறார்களாம்.
பிறகு சிப்பாயின் போனுக்குள் புகுந்து ஒரு குறுஞ்செய்தி:
உன் ஆட்கள் போய்விட்டார்கள், நீ தனியே நிற்கிறாய்.
பயந்துபோய் அவன் வீட்டுக்கு எடுக்கிறான்.
எடுத்த இடத்துக்குச் செல் வருகிறது.

இதற்கெல்லாம் நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள்.
பெயர் தெரியாமலே எனக்கு இது பழக்கம்.

அப்போது இருபத்திரண்டு வயது.
தேவிபுரம் பக்கம், பாலை மரத்தடியில் பங்கர்.
மோட்டார் சைக்கிள் பற்றறி, வோக்கி,
விடியலுக்கு விடியல் மாறவேண்டிய சங்கேதத் தாள்.
அரிசி என்றால் காயப்பட்டவர்.
தேங்காய் என்றால் வாகனம்.
கலியாணம் என்றால் இடம் மாறு.
அந்த மாசியில்தான் எத்தனை கலியாணம்!
மூன்று நாளாய்ப் புதுத் தாள் வரவில்லை,
கொண்டுவருகிறவனும் வரவில்லை.
மேலே வண்டு சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றிரவு முதலில் இரைச்சல் வந்தது.
கொதிக்கிற எண்ணெய்க்குள் ஈர மீனைப் போட்டதுபோல
எல்லா இலக்கத்திலும்.
நூற்று நாற்பத்தைந்துக்குப் போனேன், அங்கும்.
எவருக்கும் சொல்லாத இலக்கத்துக்குப் போனேன்,
எனக்கு முன்னமே வந்து அங்கே குந்தியிருந்தது.
பதினேழு நிமிடம்.

பிறகு சட்டென்று அறுந்தது.
வெறுங் காற்றுக்குள் ஒரு குரல்:
"முல்லை, முல்லை, இது வாகை. கேக்குதோ?"

வாகை என்றால் சுகிர்தன்.
நெடுங்கேணிக்காரன். பேச முதல் ஒரு செருமல்,
'கேக்குதோ'வின் கடைசி எழுத்தில் ஓர் இழுவை.
"முல்லை, கேக்குதோ? ஒருக்கா அமத்தும்."

அவனை மூன்று நாளைக்கு முன்
அரிசி ஒன்று என்று அனுப்பியவள் நான்.
அன்று மாலை நடந்ததற்குத் தாளில் சொல் இருக்கவில்லை,
அதனால் ஒன்றும் அனுப்பவில்லை.

தெரியும்.
பழைய பேச்சுகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
அவன் சேட்டுப் பையில் நாலாய் மடித்திருந்த தாள்
இப்போது வேறொரு மேசையில் விரிந்திருக்கிறது.
எல்லாம் தெரிந்த மண்டைக்குத்
தூரமாய்க் கிடந்தது என் பெருவிரல்.

அரை விநாடி.
ஒரு சொல்லும் சொல்லவில்லை.
கிளிக்.

வண்டு தன் வட்டத்தைச் சுருக்கியது.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினேன்,
அன்ரனாக் கம்பி மரத்திலேயே நின்றது.
முதற் செல் பாலையைப் பிளந்தது.
இரண்டாவது, பாலைக்கு அந்தப் பக்கம்,
பின்னேரம்தான் ஒரு குடும்பம் கட்டிய
நீலத் தறப்பாள் மேல்.
அந்தத் தாய் உப்புக் கேட்டு வந்திருந்தா.
ஒரு சிரட்டையில் கொடுத்தேன்.
பெயர் கேட்கவில்லை.

பொடியனின் போனை நிறுத்தி, மறுபடி உயிர்ப்பித்தேன்.
புள்ளி கொஞ்சம் யோசித்து,
குளத்தை விட்டு நீந்தி வீதிக்கு ஏறியது.
"என்னக்கா பிழை?"
"ஒண்டுமில்லை. இருநூறு ரூபாய்."

கடைக்கு எடுக்கிறவர்கள் குறை சொல்லுவார்கள்:
அந்த அக்கா போனைத் தூக்குவா, கதைக்கமாட்டா,
லைன் வெட்டுப்பட்டதோ எண்டு நாங்கள் பார்க்கிறது.
உண்மைதான்.
அந்தப் பக்கம் "ஹலோ, கேக்குதோ" என்று கேட்டால்
முதலில் நான் மூச்சை எண்ணுகிறேன்.
செருமல் எங்கே வருகிறது என்று பார்க்கிறேன்.
பெருவிரலை மற்றக் கையால் பிடித்துக்கொள்கிறேன்.